குழாய்க்கிணறு அடிக்க முன் நில அதிர்வு அளவை தேவையா?

ஓமந்தையான்:
எங்கள் ஓமந்தைக் கமக்காரர் சங்கத்துக்குக் குழாய்க்கிணறு அடிக்க வேண்டும். ஏற்கனவே அடித்த இரண்டும் வறண்டவை. இம்முறை நில அதிர்வு அளவை (நிலத்தை அதிரவைத்து, அந்த அலை ஓடும் வேகத்தை அளப்பது) செய்து பார்த்த பிறகுதான் இடம் குறிக்க வேண்டும் என்கிறேன். சிலர் பழையபடி நீரோட்டம் பார்க்கிறவரையே கூப்பிடச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து?

குளக்கட்டு:
தம்பி, அது எண்ணெய் தேடுகிற வேலை. மன்னார்க் கடலில் கப்பல் விட்டு அளந்து, 2011இல் எரிவாயு கண்டார்கள். எங்களுக்கு ஒரு வாய்க்கால் தண்ணீர் போதும். எங்கள் ஐயா காலத்தில் குச்சி பிடித்துக் காட்டிய கிணறுகள் இன்றும் வற்றவில்லை.

ஓமந்தையான்:
அண்ணை, கடலில் செய்வது எதிரொலி முறை. ஆழத்தில் இருக்கும் படைகளில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிப்பார்கள். நமக்குத் தேவை முறிவு அலை முறை. அதற்குக் கப்பலும் வேண்டாம், வெடியும் வேண்டாம். நிலத்தில் இரும்புத் தகடு ஒன்றை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒரே வரிசையில் குத்தி வைத்த ஜியோபோன்கள் (அதிர்வை உணரும் சிறு கருவிகள்) ஒவ்வொன்றுக்கும் அதிர்வு எந்தக் கணத்தில் வந்தது என்று பதிவாகும். காய்ந்த மேல்மண்ணில் அலை விநாடிக்கு சில நூறு மீற்றர்தான் போகும். நீர் ஊறிய உக்கல் பாறையில் 1500 மீற்றருக்கு மேல், உக்காத கருங்கல்லில் 5000ஐத் தாண்டும். அதனால் கிட்ட இருக்கும் ஜியோபோனுக்கு மேலால் வரும் அலை முந்தும். தூர இருப்பதற்குக் கீழே இறங்கிப் பாறை வழியாக ஓடி வருவது முந்தும். இரண்டும் சமமாகும் தூரம் தெரிந்தால் பாறையின் ஆழம் தெரியும். மேலே 1500, கீழே 5000 என்று வைத்தால், 40 மீற்றரில் சமமாகிறது என்றால் பாறை ஏறத்தாழ 15 மீற்றர் ஆழத்தில். பாறை எங்கே பள்ளமாக இறங்குகிறது, எங்கே வெடித்து வேகம் குறைகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

முல்லைப்பெண்:
நான் இதற்கு எதிரானவள் இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பி அடிக்கக் கூடாது. 1500 என்று வந்தால் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை. ஈரக் களிமண்ணிலும் அந்த வேகம் வரும். கெட்டியான படைக்குக் கீழே மெதுவான படை இருந்தால் இந்த முறைக்கு அது தெரியாது. ஒல்லியான வெடிப்பும் தப்பிப் போகும். புளோரைட்டு கூடிய தண்ணீரா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்லும். மின்தடை அளவை, அதாவது நிலத்துக்குள் மின்சாரம் விட்டு அதன் தடையை அளப்பது, செலவு குறைந்தது, தண்ணீரோடு நேரடித் தொடர்பும் அதற்கு உண்டு.

குளக்கட்டு:
பார்த்தீர்களா, படித்த பிள்ளையே சொல்கிறது. எங்கள் ஆள் நாவல் மரத்தையும் புற்றையும் பார்த்து இடம் சொல்லுவார்.

ஓமந்தையான்:
அவர் காட்டியவை தோண்டு கிணறுகள், அண்ணை. மேல் உக்கல் படையில் எங்கே வெட்டினாலும் பெரும்பாலும் கொஞ்சமாவது தண்ணீர் ஊறும். குழாய்க்கிணற்றுக்கு ஆழத்தில் வெடிப்பு அகப்பட வேண்டும். அந்த இரண்டு வறண்ட கிணறும் அவர் குச்சி பிடித்த இடங்கள்தான்! அடிக் கணக்கில் கொடுத்த காசு பாறைக்குள் போய்விட்டது.

முல்லைப்பெண்:
மன்னார், முருங்கன் பக்கம் போல படிவுப் பாறை என்றால் வேறு கதை. ஓமந்தை பழைய கடும்பாறை நிலம். வெடிப்புப் போகும் திசைக்குக் குறுக்கே வரிசையைப் போடுங்கள், நீளப் போட்டால் வீண். முதலில் நில அதிர்வு, பாறை தாழ்ந்த இடத்தில் மின்தடை, பிறகு துளை. வேலை நடக்கும்போது பக்கத்து வீதியில் உழவு இயந்திரம் போனால் பதிவு கெடும். ஒரே இடத்தில் பலமுறை அடித்துக் கூட்டினால் அந்தச் சத்தம் ஓரளவு அடங்கும்.

குளக்கட்டு:
இரண்டு அளவைக்குமான காசு யாருடையது? சனத்தின் விளைச்சல் காசு. நான் ஒன்று கேட்கிறேன். முதலில் அந்த வறண்ட துளைக்குப் பக்கத்தில் அளக்கட்டும். பாறை எத்தனை அடியில் தட்டியது என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குச் சொல்லாமல் வைப்போம். சரியாகச் சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஓமந்தையான்:
சரி அண்ணை, ஒத்துக்கொள்கிறேன். துளைத்தவர்கள் தந்த பதிவுத்தாள் உங்களிடம்தானே இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு அதை மறக்காமல் கொண்டு வாருங்கள்.