வழக்கு தள்ளுபடி: மூன்று வக்கீல்களுக்கும் என்ன எழுதுவது?

கேள்வி: ஓய்வுபெற்ற தபால்காரர்

வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் அடுத்தவர் கடிதங்களைச் சுமந்தவன். இப்போது எனக்கென்று ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் பங்காளி வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அகலம் மூன்றே கால் அடி. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் முழங்கை சுவரில் உரசும். அதில் நான் நடக்கவே கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை) கேட்டு 2016-இல் அவர் வழக்குப் போட்டார். சந்தை அளந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி நான் போட்ட மனு தள்ளுபடியானது. அதன் மேல் அந்த உத்தரவைச் சரிபார்க்கக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு மனு போட்டேன். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

சென்ற செவ்வாய் வாய்தா. கண் அறுவை சிகிச்சை முடிந்த நேரம் என்பதால் நான் போகவில்லை. மாலையில் இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்றச் செயலியில் வழக்கின் பதினாறு இலக்க எண்ணைப் போட்டுப் பார்த்தால், பங்காளி போட்ட மூல வழக்கே தள்ளுபடி என்று இருக்கிறது! உள்ளூர் வக்கீல் அன்று வேறு ஊரில் ஒரு கொலை வழக்கில் இருந்தாராம். அவருக்கே தெரியுமோ என்னவோ, தொலைபேசியை எடுக்கவில்லை. மதுரை வக்கீலுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மகளின் வீட்டுக் கடனுக்காக என் பத்திரங்களைப் பார்க்கும் வங்கி வக்கீல் வேறு, "வழக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

"மேற்படி வழக்கு நிரந்தரமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி வைத்திருக்கிறேன். மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதுமா? (பழக்க தோஷம். 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.)

பதில் 1: பழைய வக்கீல் குமாஸ்தா

ஐயா, அந்த "நிரந்தரமாக" என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். செயலியில் தெரிவது "தள்ளுபடி" மட்டும்தான். எந்தத் தள்ளுபடி என்பது உத்தரவைப் படித்தால்தான் தெரியும்.

அழைத்தபோது வாதி வரவில்லை, உங்கள் தரப்பில் ஆள் இருந்தார் என்றால், அது உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 8. அதே வழக்கு மூலத்தை, அதாவது வழக்குக்கான அதே காரணத்தை வைத்து அவர் புதிதாக வழக்குப் போட முடியாது. ஆனால் 30 நாளுக்குள் மனுக் கொடுத்து இதே வழக்கைக் கோப்புக்குத் திரும்பக் கொண்டுவரலாம். நாள் தாண்டினாலும் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு என்று ஒன்று இருக்கிறது. இரு தரப்புமே வரவில்லை என்றால் விதி 3. அப்போது காலவரையறைக்கு உட்பட்டுப் புது வழக்கே போடலாம். உங்கள் வக்கீல் வெளியூரில் இருந்தார் என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. அன்று உங்களுக்காக யார் எழுந்து நின்றார்?

வாதியே வாபஸ் வாங்கியிருந்தால் ஆணை 23. புது வழக்குப் போட நீதிமன்றம் அனுமதி கொடுத்ததா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விசாரணை முடிந்து தீர்ப்பு வந்திருந்தால் அவருக்கு மேல்முறையீடு உண்டு.

நகல் மனுப் போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். மதுரைக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். "தள்ளுபடி என்று செயலியில் தெரிகிறது, நகல் வாங்கி அனுப்புகிறேன்" என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: ஒரு வாசகி

குமாஸ்தா ஐயா சொல்வது அனுபவத்தில் உண்மை. எங்கள் மாமனார் மேல் இருந்த பாகப்பிரிவினை வழக்கு தள்ளுபடியானதும் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். வக்கீலிடம் இருந்த வழக்குக் காகிதக் கட்டையும் திருப்பி வாங்கிவிட்டோம். ஏழு மாதம் கழித்து, தாமத மன்னிப்பு மனுவில் அறிவிப்பு வந்தது. அதற்குள் கட்டு எந்தப் பரணில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் கட்டை வாங்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நகல் கிடைத்துவிட்டது. பங்காளியே நேரில் வந்து, வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் வக்கீலின் ஜூனியர் பெண் ஆஜராகியிருக்கிறார். "வாபஸ் பெற்றதால் தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை." புது வழக்குக்கு அனுமதி என்ற பேச்சே அதில் இல்லை. அவர் வீட்டை விற்கப் போகிறாராம்; வழக்கு இருக்கும் வீட்டை யார் வாங்குவார்கள்? ஒன்பது ஆண்டு வாய்தாவுக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

மதுரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஐயா, மூல வழக்கை வாதி வாபஸ் பெற்றதால், அது இன்ன தேதியில் தள்ளுபடி செய்யப்பட்டது. புது வழக்குத் தொடர அனுமதி கேட்கப்படவும் இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. சான்றிட்ட நகலின் ஒளிநகல் இணைத்துள்ளேன். நிலுவையிலுள்ள சீராய்வு மனுவில் ஆவன செய்ய வேண்டுகிறேன்."

பங்காளியின் வக்கீலுக்கும் ஒரு பிரதி போடலாமா?

பதில் 3: பழைய வக்கீல் குமாஸ்தா

கூடாது. எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசுவது உங்கள் வக்கீலின் வேலை.

கடிதம் நன்றாக இருக்கிறது. மூல வழக்கு எண், சீராய்வு மனு எண் இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். வக்கீலின் மேசையில் பெயரைவிட எண்தான் பேசும். மூல வழக்கே இல்லாதபோது சீராய்வில் முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. மதுரை வக்கீல் ஒரு மெமோ (சிறு குறிப்பு) தாக்கல் செய்தால், அந்த மனு பலனற்றது என்று முடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அது பட்டியலில் கிடக்கும். வங்கி வக்கீலுக்குச் சான்றிட்ட நகலைக் காட்டிவிட்டு, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆஜரான அந்த ஜூனியருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மதுரைக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன், விரைவுத் தபாலில், ஒப்புகையோடு. முகப்பில் இருந்த பையன் பின்கோடைத் தப்பாக அடித்தான், திருத்தச் சொன்னேன். ஜூனியரிடமும் பேசினேன். "சார், அன்றைக்கே உங்களுக்கு மூன்று முறை கூப்பிட்டேனே" என்றார். கண்ணில் கட்டோடு கைப்பேசியை எங்கே பார்த்தேன்?

சந்தில் இன்னும் நடக்கவில்லை. மருத்துவர் பத்து நாள் வெளியே போக வேண்டாம் என்றிருக்கிறார். நகலுக்காக நீதிமன்றத்துக்குப் போனதே அவருக்குத் தெரியாது.