காட்டுக்குள் வரைபடம் கைவிட்ட அனுபவம் உண்டா?

கீரிப்பாறைக்காரன்:
வன எல்லைக் கற்களைச் சரிபார்க்கும் குழுவோடு பேச்சிப்பாறைக்கு மேலே போயிருந்தேன். கையில் சர்வே ஆஃப் இந்தியாவின் 58 எச்/7 எண் நிலவரைபடத் தாள். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் தாராளமாக விலகிக் கிடந்ததால், சரிவு குறைவுதான் என்று எல்லோருக்கும் தெம்பு. முன்னால் போன காணிக்காரர் (இந்த மலையின் பழங்குடி) ஈத்தை மூங்கில் புதரை வெட்டி விலக்கியதும் எதிரே செங்குத்துப் பாறை. ஒரு தென்னை உயரம்தான். ஆனால் பாசியும் நீர்க்கசிவுமாகக் கால் வைக்க இடமில்லை. அவர் வெட்டுக்கத்தியின் முதுகால் தாளைத் தடவி, “இதை எங்கே போட்டிருக்கிறார்கள் சார்?” என்று கேட்டார். சர்வேயர் பதில் சொல்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாறாமலை ரப்பர்:
தாளைக் குறை சொல்வது நியாயமில்லை அண்ணாச்சி. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வித்தியாசம். அதைவிடக் குட்டையான பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளத்தான் செய்யும். கைப்பேசியை நம்பிப் போய்ப் பாருங்கள், தெரியும். காளிகேசத்துக்கு மேலே, மரம் மூடிய ஓடையில் நாங்கள் அசையாமல் நிற்கிறோம். திரையில் நீலப் புள்ளி மட்டும் எதிர்மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது! அதில் வரும் உயரக் கணக்கும் பல செயலிகளில் 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்ததுதான். அடர்காட்டில் அந்த ரேடார் தரைவரை இறங்காது, இலைக்கூட்டத்திலேயே பாதி நின்றுவிடும்.

பூதப்பாண்டி:
மகேந்திரகிரிப் பக்கம் நாங்கள் ஏறிய முகடு தாளின் ஓரத்தோடு முடிந்துவிட்டது. உச்சி அடுத்த தாளில். அது கீழே ஜீப்பில். அவ்வளவுதான் என் கதை. ஆகவே 58 எச்/7-ஐயும் 58 எச்/11-ஐயும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். இரண்டும் சர்வே ஆஃப் இந்தியா தளத்திலேயே கிடைக்கும். பழைய தாளில் ஒற்றையடிப் பாதையை நம்பாதீர்கள், ஓடையை நம்புங்கள். கோடுகளின் கூர்முனை மேட்டைப் பார்த்தால் ஓடை, பள்ளத்தைப் பார்த்தால் முகடு. காற்றழுத்த உயரமானி வைத்திருந்தால் உயரம் தெரிந்த இடத்தில் சரிசெய்துவிட்டு ஏறுங்கள். மழை மேகம் கூடினால் அது பொய் சொல்லும். இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். ரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து நனைத்துக் கம்பு நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். புகையிலையும் ஆகும், ஆனால் மழையில் உப்பும் கரையும், புகையிலைச் சாறும் கழுவிப் போகும்.

கீரிப்பாறைக்காரன்:
நான் அட்டைக்கு மருந்து கேட்கவில்லை அண்ணாச்சி. அந்தப் பாறையை வேறு யாராவது பார்த்தீர்களா?