டென்ஷன் நம்ம மனசுலயா, வேலையிலயா? வடசென்னை மக்களே, பேசலாம்

திருவொற்றியூரான்:
மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துறேன். ஒரே டிராஃபிக்ல ஒருத்தர் அமைதியா நிக்கிறார், பக்கத்துல ஒருத்தர் ஹாரனை விடாம அடிக்கிறார். ரோடு ஒண்ணுதானே? லாசரஸ், ஃபோக்மன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1984ல எழுதினதும் இதுதான்: நடக்கிற விஷயத்தை நாம எப்படி எடை போடறோம், நம்மால சமாளிக்க முடியுமான்னு என்ன நினைக்கிறோம், அதுலதான் டென்ஷன் பிறக்குது. அதை மாத்திப் பழகினாலே பாதி பாரம் இறங்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

டிரெய்லர் தம்பி:
அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் வண்டியோட கியூவுல நிக்கிறவன் நான். யார்டுக்குள்ள எப்போ விடுவாங்கன்னு எனக்கும் தெரியாது, அனுப்பின ஆபீசுக்கும் தெரியாது. ஒண்ணுக்குப் போக இறங்கவே பயம். அந்த நேரம் பார்த்து முன்வண்டி நகர்ந்துட்டா பின்னாடி மொத்த பேரும் கத்துவான். போன்ல ஓனர், "எங்கடா நிக்கிற?" லேட்டானா பேட்டாவுல கை வைப்பாங்க. இதை எப்படி எடை போட்டாலும் பேட்டா குறைஞ்சது குறைஞ்சதுதான்.

திருவொற்றியூரான்:
கேட் உங்க கையில இல்ல, சரி. நெஞ்சு படபடக்குறப்போ மூச்சு உங்க கையிலதானே தம்பி? நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. மூச்சு வெளிய போறப்போ இதயத் துடிப்பு இயல்பாவே மெதுவாகும், அதனாலதான் விடறதை நீட்டச் சொல்றோம். ஸ்டியரிங்ல உட்கார்ந்தே செய்யலாம்.

ராயபுரம் நர்ஸ் அக்கா:
அண்ணன் சொல்ற மூச்சு வேலை செய்யும், நானே நோயாளிகளுக்குச் சொல்றேன். ஆனா தம்பி சொல்றதைத் தள்ளிட்டுப் போக முடியாது. லண்டன் அரசு ஊழியர்களை வெச்சு 1967ல ஒயிட்ஹால் ஆய்வு ஆரம்பிச்சாங்க. பெரிய பொறுப்புல இருக்கிறவங்களுக்குத்தான் டென்ஷன், அவங்களுக்குத்தான் ஹார்ட் அட்டாக்னு நாம நினைப்போம். அங்க வந்தது தலைகீழ். கடைநிலை வேலையில இருந்தவங்கதான் இதய நோயில அதிகம் செத்தாங்க. சிகரெட், பி.பி. எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தும் அந்த வித்தியாசம் முழுசா மறையல. பின்னாடி நடந்த ரெண்டாவது ஆய்வுல, தன் வேலையில தனக்குன்னு முடிவெடுக்க இடமே இல்லாதவங்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதலா இருந்துச்சு. கியூவுல நிக்கிற தம்பியோட நிலைமை அதேதான்.

காசிமேடு தேவி:
அக்கா சொன்னது எங்க வீட்டுக்கு அப்படியே பொருந்தும். எங்க வீட்டுக்காரரு விசைப்படகுல போறாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை. வருமானம் கிடையாது, ஆனா தேதி தெரியும். தை மாசமே சீட்டுப் பணத்தை ஒதுக்கி வெச்சுடுவேன், அரிசியும் வாங்கிப் போட்டுடுவேன். கஷ்டம்தான், ஆனா தூக்கம் வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவுச்சே, அப்போ எங்க பெரியம்மா வீட்ல வலையெல்லாம் கறுப்பா பிசுபிசுன்னு கிடந்துச்சு. மறுபடி எப்போ தொழிலுக்குப் போறதுன்னு சொல்ல ஆளே இல்ல. பெரியம்மா ராத்திரி பூரா திண்ணையில உட்கார்ந்திருக்கும்.

திருவொற்றியூரான்:
தேவிம்மா, படிக்கவே வேதனையா இருக்கு. ஆனா ஊரும் வேலையும் மாறுறதுக்கு வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் பெரியம்மா தூங்க வேணாமா? அதனாலதான் நான் உள்ளேயிருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். இதுல நான் மாறமாட்டேன்.

ராயபுரம் நர்ஸ் அக்கா:
தூக்கமே இல்லாம, சாப்பாடு இறங்காம வாரக்கணக்குல போனா மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது அண்ணே. 14416க்கு போன் பண்ணச் சொல்லுங்க. டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

டிரெய்லர் தம்பி:
நம்பரை எழுதிக்கிட்டேன் அக்கா, டிரைவர்ங்க குரூப்லயும் போடுறேன். அண்ணே, நாலு-ஆறு நானும் பண்றேன். ஆனா எங்களுக்கு வேணும்ங்கறது பெருசா ஒண்ணும் இல்ல: இத்தனை மணிக்கு உள்ள வான்னு முன்கூட்டியே ஒரு மெசேஜ், வெளிய ஒரு கக்கூஸ். மனு எழுதிட்டு இருக்கோம். உங்க வகுப்புக்கு வர்றவங்களும் கையெழுத்துப் போடுவாங்களா?