மகனீசியக் கலப்புலோகத் தூள்: ஐதரசன் ஏற்றி மணிகளைச் சிறிதாக்க 400 பாகை போகலாமா?

கிளிநொச்சிப் பொடியன்:
வணக்கம். கடைசி வருட ஆய்வுக்கு ஏஇசட்91 (மகனீசியத்தோடு ஏறத்தாழ 9 வீதம் அலுமினியமும் 1 வீதம் நாகமும் கலந்தது) தூள் எடுத்திருக்கிறேன். ஐதரசன் ஏற்றிப் பிறகு வெற்றிடத்தில் இறக்கினால் மணிகள் (உலோகத்துக்குள் இருக்கிற நுண் படிகங்கள்) 100 நனோமீற்றர் அளவுக்குச் சிறுக்கும் என்று வாசித்தேன். ஆனால் 350 பாகையில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டுமாம், இங்கே கரண்ட் அவ்வளவு நேரம் நிற்குமா என்பதே சந்தேகம். எங்கள் கலம் 10 பார் அமுக்கம் வரைதான் தாங்கும். 400க்கு ஏற்றி நேரத்தைக் குறைக்கலாமா? அதோடு, உள்ளே போன வாயு திரும்ப வெளியே வந்துவிடுகிறது, பிறகு மணி மட்டும் எப்படிச் சிறியதாகிறது?

முறிகண்டியான்:
தம்பி, 400 வேண்டாம். அந்த வெப்பநிலையில் மகனீசிய ஐதரைட்டு (மகனீசியமும் ஐதரசனும் சேர்ந்த சேர்வை) நிலைக்க ஏறத்தாழ 19 பார் வேண்டும், உங்கள் 10 பாரில் அது உருவாகவே மாட்டாது. 350இல் 6, 7 பார் போதும், அதனால் மெதுவாக என்றாலும் நடக்கும். முதலில் ஆகனுக்குள் (எதோடும் தாக்கமடையாத வாயு) பால் மில்லில் (குண்டுகள் போட்டு உருட்டி அரைக்கிற இயந்திரம்) அரையுங்கோ, மேலே இருக்கிற ஒட்சைட்டுப் படை உடைந்தால் ஐதரசன் வேகமாக உள்ளே போகும். ஆனால் அரைப்பதே மணியைச் சிறிதாக்கும், அதனால் அரைத்த தூளையும் தனியாக அளந்து வையுங்கோ, இல்லாவிட்டால் எது எதன் வேலை என்று கேட்டால் பதில் இருக்காது. ஏறி முடிந்ததா என்று பார்க்கத் தராசு போதும்: 10 கிராம் தூள் முழுதாக மாறினால் 10.7க்குக் கொஞ்சம் மேலே காட்டும்.

வவுனியா அக்கா:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஐதரசன் ஏறும்போது பழைய மணியே அழிந்து போகிறது. மகனீசியம் ஐதரைட்டாக மாற, அதோடு சேர்ந்திருந்த அலுமினியம் தனியே ஒதுங்கும். வெற்றிடத்தில் ஐதரசன் கழன்றதும், முதல் மழைக்குப் பிறகு வயல் முழுக்க ஒரே நேரத்தில் முளை விடுகிற மாதிரி, ஒவ்வொரு துகளுக்குள்ளும் பல இடங்களில் புது மகனீசிய மணிகள் பிறக்கும், அலுமினியமும் திரும்ப வந்து சேரும். இறக்குகிற கட்டத்தில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. ஐதரசன் முழுக்கப் போன பிறகும் சூட்டிலேயே விட்டால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும், ஏற்றப் பட்ட பாடெல்லாம் வீண். கலத்தின் அமுக்கம் விழுந்து நின்றதும் உடனே ஆற விடுங்கோ. எக்ஸ் கதிர் கோணல் (எந்தச் சேர்வை இருக்கிறது என்று காட்டும் சோதனை) வரைபடத்தில் ஐதரைட்டின் உச்சிகள் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

பரந்தன்காரன்:
பரந்தன் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடா எடுத்த காலத்தில் ஐதரசனும் கூடவே வந்தது, எங்கள் ஊருக்கு இது புது வாயு இல்லை. என்றாலும் கவனம் தம்பி. காற்றில் 4 வீதம் கலந்தாலே பற்றும், வெற்றிடப் பம்பின் புகைவழியை வெளியே விடுங்கோ. இறக்கிய தூளை நன்றாக ஆறிய பிறகு ஆகனுக்குள்ளேயே எடுங்கோ, இளஞ்சூட்டில் காற்றுப் பட்டால் பற்றிவிடும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காபனீரொட்சைட்டுச் சிலிண்டரும் உதவாது, அதற்குள்ளும் மகனீசியம் எரியும். காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

கிளிநொச்சிப் பொடியன்:
சரி அக்கா, அண்ணைமார், 350இலேயே வைக்கிறேன். இடையில் கரண்ட் போனால் ஏறிய அளவு அப்படியே நிற்குமா?

முறிகண்டியான்:
நிற்கும். ஐதரசனை உள்ளேயே அடைத்து வையுங்கோ, ஆறினால் ஐதரைட்டு இன்னும் உறுதியாகத்தான் இருக்கும். கரண்ட் வந்ததும் திரும்பச் சூடாக்கித் தொடரலாம்.