பழைய பாணி மல்லிகை பேஸ் சிவந்து கலங்குகிறது: காரணம் என்ன?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். ஊதுபத்திக்கும் அத்தருக்கும் வாசனைக் கலவை செய்யும் சிறு தொழில் நடத்தி வருகிறேன். 1930களில் பிரெஞ்சு வாசனைத் தயாரிப்பாளர்கள் கையாண்ட வகையிலான மல்லிகை பேஸ் (வாசனைத் தயாரிப்புக்கு அடிப்படையாகும் முன்கலவை) ஒன்றை, 1966இல் ஓ சவாஜ் என்ற வாசனைத் திரவியம் வெளிவந்த பிறகு பரவலாகிவிட்ட ஹெடியோன் என்ற செயற்கை மல்லிகைப் பொருளைச் சேர்க்காமல், மீண்டும் உருவாக்க முயல்கிறேன். 100 கிராமில் பென்சைல் அசிட்டேட் 40, அமைல் சின்னமிக் ஆல்டிஹைடு 15, ஹைட்ராக்சி சிட்ரோனெல்லால் 12, லினலூல் 10, பென்சைல் ஆல்கஹால் 8, மெத்தில் ஆந்த்ரனிலேட் 4, இண்டோல் 3, குண்டுமல்லி அப்சல்யூட் (பூவிலிருந்து பிரித்த செறிந்த வாசனைச் சாறு) 2, பாரா கிரெசில் அசிட்டேட் 0.3, மீதி பென்சைல் பென்சோயேட்.

கலந்த அன்று வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்த கலவை, சில வாரங்களில் ஆரஞ்சு நிறமாகிப் பிறகு சிவந்துவிட்டது. விடியற்காலையில் கலங்கியிருக்கிறது, வெயில் ஏறியதும் தெளிகிறது, ஆனாலும் புட்டியின் அடியில் பொடிப்பொடியாகத் துளிகள் ஒட்டியிருக்கின்றன. வாசனையும் முதலில் இருந்த இலகுத்தன்மையை இழந்து நாரத்தைப் பூவைப்போல் கனத்துவிட்டது. அதற்கடியில் பாச்சை உருண்டை நெடி வேறு. சரக்கில் குறையா, அல்லது கடற்காற்றின் ஈரம் புட்டிக்குள் இறங்கிவிட்டதா?

பதில் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

சகோதரி, கடற்காற்றின் மேல் பழி போட வேண்டாம்; அந்த நீர் உங்கள் புட்டிக்குள்ளேயே உண்டாகிறது. மெத்தில் ஆந்த்ரனிலேட்டில் உள்ள அமின் தொகுதி, ஆல்டிஹைடுகளோடு, குறிப்பாக ஹைட்ராக்சி சிட்ரோனெல்லாலோடு, மெல்ல இணைந்து ஷிஃப் காரம் என்னும் புதிய சேர்மமாக மாறும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. நீங்கள் போட்டிருக்கும் 4 கிராமும் முழுமையாக வினைபுரிந்தால் ஏறத்தாழ அரை கிராம் நீர் சேரும். பென்சைல் அசிட்டேட் மிகுந்த கலவையில் அவ்வளவு நீர் சூட்டில் கரைந்தும் குளிரில் பிரிந்தும் நிற்பதால்தான் காலையில் கலங்கி மதியம் தெளிகிறது. ஆரஞ்சு நிறமும் நாரத்தைப் பூ மணமும் அந்த ஷிஃப் காரத்துக்கே உரியவை. சந்தையில் ஆரண்டியால் என்று தனியாகவே விற்கிறார்கள்.

உறுதிசெய்ய, கொஞ்சம் கலவையைத் தனியே எடுத்து நீரற்ற சோடியம் சல்பேட்டைத் தூவிக் குலுக்கி வடிகட்டுங்கள். அதன்பிறகு குளிரிலும் தெளிவாக நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. நிரந்தரத் தீர்வாக, மெத்தில் ஆந்த்ரனிலேட்டையும் அதே எடையைவிடச் சற்று அதிகமான ஹைட்ராக்சி சிட்ரோனெல்லாலையும் முன்கூட்டியே மிதமான சூட்டில் வினைபுரியவிட்டு, நீரை நீக்கிய பிறகு பேஸில் சேர்க்கலாம். அல்லது ஆந்த்ரனிலேட்டை 1 கிராமுக்குக் கீழே குறைக்கலாம். நான் இரண்டாவதையே செய்வேன், ஏனெனில் உங்கள் இலக்கு மல்லிகையே தவிர ஆரஞ்சுப் பூ அல்ல.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

மேலே ஐயா சொன்னது கலங்கலுக்கும் ஆரஞ்சு நிறத்துக்கும் பொருந்தும். ஆனால் சிவப்புக்குக் காரணம் இண்டோல். வெளிச்சத்திலும் காற்றிலும் அது தானாகவே சிவக்கும். ஆல்டிஹைடுகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் விரைவாக. 3 கிராம் என்பது என் மூக்குக்கு மிக அதிகம். பூவிலும் இண்டோல் உண்டுதான், ஆனால் அங்கே அதைச் சூழ்ந்து மெத்துமெத்தென்று தாங்குவதற்கு எத்தனையோ கனமான பொருட்கள் இருக்கின்றன; உங்கள் சூத்திரத்தில் அந்த வேலைக்கு பென்சைல் பென்சோயேட்டைத் தவிர அதிகம் இல்லை. அதனால்தான் பாச்சை உருண்டை தலைதூக்குகிறது. இண்டோலை டிபிஜி (டைபுரோப்பிலீன் கிளைக்கால்) என்ற கரைப்பானில் 10 சதவீதக் கரைசலாக்கிக்கொண்டு, அசல் இண்டோல் 1 கிராமைத் தாண்டாமல் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: அந்தக் காலத்து பிரெஞ்சு பேஸ்கள் தென் பிரான்சின் கிராஸ் நகர்ப்புறத்தில் விளைந்த சாதிமல்லியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குண்டுமல்லி அப்சல்யூட்டில் மெத்தில் ஆந்த்ரனிலேட் அதைவிட மிகுதி. சாதிமல்லிக்குப் பழச்சாயலைத் தரும் சிஸ் ஜாஸ்மோன் என்ற பொருளோ குண்டுமல்லியில் மிகக் குறைவு. ஆக, குறைக்க வேண்டியதை நீங்கள் இரண்டு வழியாகக் கூட்டியிருக்கிறீர்கள்.

அமைல் சின்னமிக் ஆல்டிஹைடு காற்றில் எளிதில் கெடும் என்பதால், பேஸில் 0.1 சதவீதம் BHT என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைப் போட்டு, பழுப்புப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சோடியம் சல்பேட் போட்டு வடித்த பகுதி விடியற்காலையிலும் தெளிவாகவே நிற்கிறது. இண்டோல் இல்லாமல் கலந்த சிறு புட்டி மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு வந்ததோடு நின்றுவிட்டது. ஆந்த்ரனிலேட் இல்லாத புட்டி லேசாகச் சிவந்தாலும் கலங்கவில்லை. அப்சல்யூட்டை சாதிமல்லிக்கு மாற்றப்போகிறேன். சிஸ் ஜாஸ்மோனைத் தனியாகவும் சேர்க்க வேண்டுமா? சிவந்துபோன கலவையை என்ன செய்வது?

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

சிஸ் ஜாஸ்மோனை அரை கிராமில் தொடங்குங்கள்; அதிகமானால் செலரிக் கீரைத் தண்டின் வாடை வந்துவிடும். சிவந்ததை வடிகட்டி ஊதுபத்திக்குப் பயன்படுத்துங்கள். அங்கே நிறம் ஒரு பொருட்டல்ல. அத்தருக்கு வேண்டாம், வெள்ளை வேட்டியில் கறை பிடிக்கும். புதிய கலவையைத் தோலில் பூசும் பொருளில் சேர்ப்பதற்குமுன், ஹைட்ராக்சி சிட்ரோனெல்லாலுக்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) விதித்திருக்கும் உச்சவரம்பை முடிவான அத்தரின் எடைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்.