எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு உலகம் எந்த வழியாக வந்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு: சமுதாயக் கல்லூரி ஆசிரியை, மதுரை

பள்ளிப் படிப்பு விட்டுப்போனவர்களுக்குக் கைத்தொழில் சொல்லித்தரும் எங்கள் கல்லூரிக்குப் ‘பன்னாட்டுப் பரிமாணம்’ வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு வெளிநாட்டுக் கல்லூரியுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆயிற்று. வாசலில் பேனர், இரண்டு நாட்டுக் கொடிகள், சால்வை, குழுப்படம். ஒப்பந்தம் பீரோவுக்குள் போய்விட்டது. மாணவர்களுக்குக் கிடைத்தது அன்றைய டீயும் சமோசாவும்தான்.

உருப்படியாக நடந்தது வேறொன்று. தமிழ் படிக்க மதுரைக்கு வந்திருந்த அமெரிக்க மாணவி ஒருத்தி ஒருநாள் எங்கள் செவிலியர் உதவியாளர் வகுப்புக்கு வந்தாள். மதுரைக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதல்ல. 1881இல் பசுமலையில் அமெரிக்கன் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் ஓராண்டு தங்கித் தமிழ் படித்துப்போன ஊர் இது. ஆனால் அவர்கள் எல்லாம் பெரிய கல்லூரிகளின் விருந்தாளிகள். எங்கள் தகரக் கூரைக்கு யார் வருவார்கள்?

அன்று கட்டில் விரிப்புப் பாடம். விரிப்பின் மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் செருகுவது எப்படி என்று எங்கள் பெண்கள் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மடித்தது ஒவ்வொரு முறையும் உருவிக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கூச்சம் போய்விட்டது. அப்போது உசிலம்பட்டிப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, உங்கள் ஊரிலும் பிளஸ் டூவில் தோற்றவர்கள்தான் சமுதாயக் கல்லூரிக்குப் போவார்களா?”

தன் அம்மாவே அப்படியொரு கல்லூரியில் படித்தவர் என்றாள் அமெரிக்க மாணவி. பிள்ளை பெற்ற பிறகு, கடையில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் படித்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர்ந்தாராம். சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டாள்: “நீங்கள் இதை முடித்துவிட்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவீர்கள்?” வகுப்பு என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

அமெரிக்காவில் இந்த வகைக் கல்லூரி 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே படிக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். நம் பக்கம் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. பள்ளிப் படிப்பு விட்டுப்போனவர்களுக்குக் கைத்தொழிலும் தன்னம்பிக்கையும் தருவது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கதவைக் கொண்டுவந்தவர்கள் மாடிப்படியை அங்கேயே விட்டுவிட்டார்கள். 2013இல் தொழிற்படிப்புகளைப் படிநிலைகளாக அடுக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்த பிறகு ஏட்டில் படிகள் உண்டு. எங்கள் பிள்ளைகளில் அதில் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஒரு கேள்வி ஒப்பந்தத்தைவிட அதிகம் செய்தது. இப்போது சேரும்போதே, “மேலே படிக்க வழி உண்டா மிஸ்?” என்று கேட்கிறார்கள். உங்கள் பக்கம் என்ன நடந்தது? பேனர் கதை வேண்டாம், என்னிடமே நிறைய இருக்கிறது.

பதில்: வளைகுடாவில் சமையல்காரராக இருந்தவர், மேலூர்

மிஸ், என் அனுபவம் சமையலறையோடு சரி. துபாயிலிருந்து திரும்பிய பிறகு இங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் கேட்டரிங் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் பத்தாவது. பேராசிரியர்கள் நடுவில் உட்காரக் கூசியது. சமையலறைக்குள் போனதும் கூச்சம் போய்விட்டது.

கோழி வெந்துவிட்டதா என்று கேட்டேன். ஒரு பையன் கரண்டியால் அழுத்திப் பார்த்து “வெந்துவிட்டது சார்” என்றான். பையிலிருந்த வெப்பமானியின் ஊசியைத் தொடைச் சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினேன். 64 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. 75 வர வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடாமல் தட்டு வெளியே போகாது. எழுதாதவனுக்கு அன்றைக்கே எச்சரிக்கைக் கடிதம்.

அடுத்தது வெட்டுப் பலகை. சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சமைத்த இறைச்சிக்கு மஞ்சள், கீரைக்கும் பழத்துக்கும் பச்சை. இங்கே இருந்தது ஒரே புளியமரக் கட்டை. அதில்தான் கறியும், அதில்தான் வெங்காயமும். “புரோட்டாக் கடையில் இப்படித்தானே சார்?” என்றார்கள். உண்மைதான். நம் ஊர்ப் புரோட்டாவின் ருசியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டையோடு அங்கே போனால் சுகாதார ஆய்வாளர் வந்த அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டாம். மேலூர், திருமங்கலம் பக்கம் தெருவுக்கு ஒருவர் திரும்பி வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடுங்கள். பட்டம் கேட்காதீர்கள்.

பதில்: பயிற்சி பெறும் மாணவியின் தாய், வாடிப்பட்டி

1976இல் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர் ஆக்குகிறார்கள். என் மகள் அதில் இருக்கிறாள். ஆப்பிரிக்காவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் மருத்துவர்களும் நிர்வாகிகளும் அங்கே பாடம் கற்க வருகிறார்கள். நோயாளியை வரிசையில் எப்படி நகர்த்துகிறார்கள், பார்வையை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று என் மகள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்கிறார்களாம். இவள் ஒருநாளும் விமானம் ஏறியதில்லை. நாம்தான் வெளிநாட்டுக்காரரிடம் படிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்பதற்காகத்தான் எழுதினேன்.

பதில்: வேலைவாய்ப்புப் பிரிவில் இருப்பவர், மதுரை

எல்லாம் சரி, பாஸ்போர்ட்டை யாரும் பேசவில்லையே. நம் பிள்ளைகளுக்குப் பெயர் ஒன்று, தலைப்பெழுத்து ஒன்று. விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை மறுத்தபோது, எத்தனை பேர் தவித்தார்கள் தெரியுமா? சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிற ஏஜெண்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கை நிற்காது, அதை விடுகிறேன்.

விண்ணப்பம் நிரப்புவதை ஒரு வகுப்பாகவே வைத்துவிட்டேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. மதிப்பெண் பட்டியலில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்று இருப்பதை அந்த வகுப்பில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பன்னாட்டுப் பரிமாணத்தின் முதல் பாடம் இதுதான் என்பேன். மேடையில் சொன்னால் கைதட்டு விழாது.

பதில்: தோட்டக்கலை ஆசிரியர்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் பூ அலங்கார மாணவர்களோடு இணையவழியில் சேர்ந்து வகுப்பு நடத்தினோம். அவர்களுக்குக் காலை ஒன்பது, நமக்கு மாலை ஆறரை. அவர்கள் ரோஜாவைக் கம்பியால் கட்டிக் காட்டினார்கள். எங்கள் மாணவி ஊசியும் இல்லாமல், வாழைநாரில் மல்லிகையைக் காம்போடு காம்பு வைத்து, ஒரு விரலில் சுற்றி இறுக்கிக் காட்டினாள். “மெதுவாக, மெதுவாக” என்று அந்தப் பக்கம் கத்தினார்கள். மெதுவாகச் செய்தால் அவளுக்குக் கட்டவே வரவில்லை. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்தால்தான் சாயங்காலம் விரியும், 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானத்தில் போகிறது என்றெல்லாம் அவளே விளக்கினாள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அப்பாவோடு நின்று வளர்ந்த பெண் அவள்.

நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நமக்கு ஏழரை ஆகிவிட்டது. கடைசி டவுன் பஸ் போய்விடும் என்று பாதிப் பெண்கள் நின்றுவிட்டார்கள். அடுத்த முறை மார்ச் இரண்டாம் ஞாயிறு தாண்டித்தான் தொடங்க வேண்டும்; அப்போது அவர்கள் கடிகாரத்தைத் திரும்ப முன்னுக்கு வைத்திருப்பார்கள்.

பதில்: முன்னாள் மாணவர், ஆனையூர் முகாம்

நான் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். பெற்றோர் ராமேசுவரத்தில் படகிலிருந்து இறங்கியவர்கள். எலெக்ட்ரீசியன் படிப்பு முடித்தேன். எங்கள் கல்லூரியிலும் அறிக்கைக்காக வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். ‘இல்லை’ என்று எழுதினார்கள். நான் அதே அறையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை, சிரிப்புதான் வந்தது. வளைகுடா வேலைக்குத் தேர்வு நடந்தபோது முதல் ஆளாகத் தேறினேன். இந்திய பாஸ்போர்ட் எனக்குக் கிடையாது என்பதால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலை என்று பேசும் கல்லூரிகள் எங்களுக்கென்று உள்ளூர் நிறுவனங்களிலும் இரண்டு இடம் பேசி வைத்தால் நல்லது.

தொடக்கப் பதிவிட்டவர்

ஆனையூர்த் தம்பிக்கு: ஒத்தக்கடைப் பக்கம் மோட்டார் பழுதுபார்க்கும் இரண்டு இடங்களில் பேசுகிறேன், தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். மேலூர் அண்ணனுக்கு: வெப்பநிலை எழுதும் அந்தத் தாளின் மாதிரி இருந்தால் படமெடுத்துப் போடுங்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் கேட்டரிங் பிள்ளைகளுக்கும் வர முடியுமா? பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான் தர முடியும். கோழி 75 வந்த பிறகே பரிமாறுவோம்.