15 மீட்டர் எச்டிஎம்ஐ ஓடுமா, ஓடாதா?

ஈசூன் வயர்மேன்: "லேப்டாப்பிலிருந்து 4 டிவிக்குப் படம் அனுப்ப ஒரு ஸ்பிளிட்டரும் (ஒரே படத்தைப் பல டிவிக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிளும் போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இதை நம்பித்தான் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் கடைசி டிவி விட்டு விட்டுக் கறுத்தது. பேச்சு வாங்கியது நான். 15 மீட்டர் ஓடாது.

தேக்கா தம்பி: எழுதியது நான்தான். 3 வருடமாக 15 மீட்டர்தான். படம் பளிச்சென்று இருக்கிறது.

பிடோக் அக்கா: எந்த ரெசல்யூஷன் (படத்தில் எத்தனை புள்ளிகள்) என்று இருவருமே சொல்லவில்லையே? 1080பி, அதாவது ஃபுல் எச்டி, நல்ல கேபிளில் 15 மீட்டர் போகும். 4கே 60 (அதைப்போல 4 மடங்கு புள்ளிகள், நொடிக்கு 60 படம்) என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட் தரவு போக வேண்டும், சாதாரணச் செம்பு 7 மீட்டரைத் தாண்டினாலே திணறும்.

ஈசூன் வயர்மேன்: ஓடாது என்றால் ஓடாது. கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, அதில் படத்தை அனுப்பும் எச்டிபேஸ்டி பெட்டியை இரண்டு பக்கமும் போடுங்கள், 1080பி 100 மீட்டர் போகும். இல்லையா, டிவி நிலையங்களில் போடும் எஸ்டிஐ கேபிள். அதன் பிஎன்சி முனை கால்வட்டத் திருகில் பூட்டிக்கொள்ளும். எச்டிஎம்ஐ யார் கால் பட்டாலும் கழன்று வரும். 20 வருடமாக மண்டபம் மண்டபமாக வயர் இழுக்கிறவன் சொல்கிறேன்.

தேக்கா தம்பி: 20 வருடம் முன்பு பழைய விஜிஏ கேபிள் இழுத்திருப்பீர்கள் அண்ணே. கோவில் பொங்கலுக்கு 4 ஜோடிப் பெட்டி வாங்க நீங்கள் காசு தருகிறீர்களா? என் 15 மீட்டர் ஓடுகிறது.

சிராங்கூன் ரவி: ஒளியிழையில் படம் அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்கலாமே. ஒரு முனை லேப்டாப்புக்கு, மறுமுனை டிவிக்கு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். மாற்றிச் செருகிவிட்டு அரை மணி நேரம் கறுப்புத் திரையைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன்.

ஈசூன் வயர்மேன்: ரவி, உங்களை யாரும் கேட்கவில்லை. தம்பி, 4 திரையில் ஒன்று பழைய 720பி புரொஜெக்டராக இருந்தால் பல ஸ்பிளிட்டர்கள் மற்ற மூன்றையும் 720பிக்கு இறக்கிவிடும். இடிஐடி, அதாவது தன்னால் எந்த ரெசல்யூஷன் காட்ட முடியும் என்று திரை சொல்லும் தகவல், தெரியுமா? அதைத்தான் நீ பளிச் என்கிறாய்.

தேக்கா தம்பி: தெரியும். போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கிய கேட்-6 ரீல் எங்கே என்பதும் தெரியும்.

ஈசூன் வயர்மேன்: பாதி ரீல்தான் கொடுத்தாய்! அதிலும் நடுவில் நசுங்கியிருந்தது.

சிராங்கூன் ரவி: சிம் லிம் டவரில் புது ரீல் கிடைக்குமே.

ஈசூன் வயர்மேன்: நசுங்கியதற்கு நான் ஏன் புது ரீல் வாங்க வேண்டும்? 15 மீட்டர் ஓடாது.

தேக்கா தம்பி: ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வாருங்கள், ஓடுவதைப் பாருங்கள். ரீலையும் கொண்டுவாருங்கள்.